ஐந்தாம் நம்பர் வீட்டின் கடைசி வரிசை

திருப்பூரில் சாயப்பட்டறைச் சுவரை ஒட்டிய ஒரு சந்தில் தெய்வாத்தாள் காம்பவுண்டு என்று ஒரு லைன் வீடு இருந்தது. ஒரே கூரையின் கீழ் ரயில் பெட்டி மாதிரி எட்டு வீடுகள், வீடு ஒன்றுக்கு ஒரே ஓர் அறை, அறை பத்துக்குப் பன்னிரண்டு, எட்டு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் ஐந்தாம் நம்பர்க்காரர்கள் காலி செய்து போன வாரத்தில், தரையெல்லாம் பொரிந்து கால் வைத்தால் மாவாய் ஒட்டுகிறது என்று வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் டைல்ஸ் போட ஆள் பிடித்தாள்.

வந்தவர்கள் புருஷன் பெண்சாதி இரண்டு பேர், பரமக்குடிப் பக்கம். தவசி டைல்ஸ் மேஸ்திரி, நாற்பத்தைந்து வயது, முழங்காலில் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு நடந்ததைவிடத் தவழ்ந்தது அதிகம். பெண்சாதி போதும்பொண்ணு அவனுக்குப் பசை கலந்து கொடுப்பவள். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டதில் அப்பன் வைத்த பெயர் அது. பெயரோடு அவள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அவர்களுடைய ஒரே மகள் சர்மிளா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி, ஊரில் பெரியம்மாவின் பொறுப்பில் இருந்தாள்.

அவர்கள் வேலைக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் அவள் கம்பி பிரஷ்ஷால் காங்கிரீட் தளத்தைத் தேய்த்து, தூசியை வாரி, வெடிப்புகளை அடைத்து, ஈரத்துணியால் துடைத்துவிட, அவன் மூலைக்கு மூலை நூல் அடித்து, பசையில்லாமல் ஒருமுறை டைல்ஸை அடுக்கிப் பார்த்து, பிறகு பின்சுவரிலிருந்து தொடங்கி வாசலை நோக்கிப் பின்னாலேயே தவழ்ந்து வருவான். அவள் வாளியில் தண்ணீரை முதலில் ஊற்றி, பொடியை அதன்மேல் தூவி, கட்டியில்லாமல் கலக்கி, பத்து நிமிஷம் சும்மா விட்டு, மறுபடி ஒரு கலக்குக் கலக்கி, கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் விழாமல் நிற்கிற பதத்தில் அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பாள். அவன் அதைப் பல் வைத்த கரண்டியால் வரிவரியாக இழுத்து, டைல்ஸை வைத்து, லேசாகத் திருகி, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவான். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ், வரிசைக்கு ஐந்து, ஆறு வரிசை, மொத்தம் முப்பது. ஒரு நாள் வேலை.

சாயங்காலம் நாலு மணிக்கு முப்பதாவது டைல்ஸ் உட்கார்ந்தது. ஆனால் அதற்கும் வாசல்படிக்கும் நடுவே இன்னும் இரண்டடி வெறும் தரை கிடந்தது.

"எண்ணித்தானே இறக்கினோம்?" என்றான் தவசி.

"முப்பது. நாந்தான் இறக்குனேன்."

அவன் டேப்பை இழுத்துப் பார்த்தான். பத்துக்குப் பதினாலு. தெய்வாத்தாள் வாசலில் வந்து நின்று, "அளவு தப்பாப் போச்சுங்களா மேஸ்திரி?" என்று கேட்டாள்.

"இல்லைங்கம்மா. அறை இழுத்துக்கிச்சு."

"இழுத்துக்கிச்சா. செரி, நாளைக்கு அஞ்சு டைல்ஸ் சேத்தி வாங்கீட்டு வந்து போட்டு முடிச்சுப்போடுங்" என்று சொல்லிவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள்.

மறுநாள் ஐந்து போட்டார்கள். வாசலுக்கு முன்னால் இன்னும் இரண்டடி பிறந்தது. அதற்கு மறுநாள் ஐந்து போட்டார்கள், இன்னும் இரண்டடி. ஒரு நாளைக்கு ஒரு வரிசைதான், அதற்குமேல் போட்டால் பசை பிடிக்கவில்லை. தவசி எப்போதும் வாசலுக்கு ஒரு வரிசை தள்ளியே உட்கார்ந்திருந்தான், பின்சுவர் மட்டும் நாளுக்கு நாள் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே சந்து இருந்த இடத்தில் சந்தும், பட்டறைச் சுவர் இருந்த இடத்தில் பட்டறைச் சுவரும் நின்றன. போதும்பொண்ணு கயிறு பிடித்து வீட்டைச் சுற்றி அளந்து பார்த்தாள், வெளியே அதே பன்னிரண்டு அடி. ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடுவது ஆகாது என்று தெய்வாத்தாள் சொல்லிவிட்டதால், மற்ற ஏழு வீட்டையும் தொடாமல் அவர்கள் ஐந்தாம் நம்பரிலேயே தங்கி, தினமும் காலை பத்து மணிக்கு ஒரு வரிசை போட்டுவந்தார்கள்.

முதலில் குடிவந்தவள் வேலுத்தாய். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவள் புருஷன் சின்னமாயன் துணிமூட்டையோடு மாடிப்படியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர், இரண்டு வருஷமாக ஒரு மாடிப்படிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தவர். அவரைக் கட்டிலோடு கொண்டுவந்து பின்சுவர் ஓரம் போட்டு, "இங்கதான் காலை நீட்டினா இன்னொருத்தர் தலையில இடிக்காது" என்றாள் வேலுத்தாய். அடுத்து நாலாம் நம்பரில் ஒன்பது பேராய் இருந்த குடும்பத்தில் ஐந்து பேர் வந்தார்கள். அதற்கடுத்து கட்டிங் மாஸ்டர் இன்னாசி, மனைவியோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும், தகர ஷெட்டிலிருந்து பாத்திரங்களைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தான். இப்படியே பதினோரு குடும்பங்கள் வந்தன. சேலையைக் கட்டித் தடுப்புப் போட்டுக்கொண்டார்கள், ஒரு பக்கம் மூன்றடி நடைபாதை விட்டார்கள், ட்யூப்லைட்டை வரிசையாக இழுத்தார்கள், காற்றுக்குப் பத்தடிக்கு ஒரு மின்விசிறி வைத்தார்கள். அன்றைக்குப் போட்ட வரிசை காய்கிறவரை இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மேலே பலகை போட்டு, அதன்மேல் நடந்து போனார்கள், வந்தார்கள்.

டைல்ஸ்? கடைகளில் மிச்சம் மீந்ததையெல்லாம் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கி வந்தார்கள். ஒரு வரிசையில் பூப்போட்டது, ஒரு வரிசையில் மீன் போட்டது, ஒரு வரிசையில் அஞ்சும் அஞ்சு நிறம். அதனால் உள்ளே விலாசம் சொல்வது சுலபமாக இருந்தது: இன்னாசி வீடு பச்சை மீன் தாண்டி, தையல்காரர் வீடு கறுப்புக் கட்டத்துக்கு எதிரில். மீட்டர் பார்க்க வந்தவர் கரண்டு இத்தனை ஓடுகிறதே என்று உள்ளே போய்ப் பார்த்து, "பேன் அதிகமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டு வரிக்கு அளக்க வந்த இன்னொருவர் வெளியே அளந்து பத்துக்குப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார். உள்ளே டேப் தீர்ந்து தீர்ந்து போனதில் சலித்து, "உள்ள இருக்கறது உங்க விசயம்" என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஒரு மாதம் ஆனபோது போதும்பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றைக்குத் தவசி தானே பசை கலந்து ஒரு வரிசை போட்டான். வாசல் நகரவில்லை. பின்சுவர்தான் நகர்ந்தது. முதல் நாள் இரண்டடி முன்னால் வந்து, வேலுத்தாய் சுவரோரம் அடுக்கியிருந்த பாத்திரங்களைத் தள்ளிவிட்டது. பாத்திரத்தைச் சரியாக அடுக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் எல்லோரும் ஷிப்ட்டுக்குப் போன பிறகு நாலடி வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த வேலுத்தாய் கண்டது, கட்டில் ஒருக்களித்து சுவருக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவே சிக்கிக் கிடந்ததையும், சின்னமாயன் தொண்டை கட்டிப்போய் வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததையும்தான்.

"எறும்பு மாதிரி வந்துச்சு" என்றார் அவர், தண்ணீர் குடித்த பிறகு. "பாத்துக்கிட்டே கிடந்தேன். கத்துனேன். பேன் சத்தத்துல யாருக்கும் கேக்கலை."

மூன்றாம் நாள் போதும்பொண்ணு எழுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டே பசை கலந்தாள். தவசி, தான் தனியாகப் போட்டிருந்ததைப் பெயர்த்துவிட்டு அங்கே வரிசை போட்டான். வாசல் இரண்டடி விலகியது, பின்சுவர் நின்றது. காம்பவுண்டு முழுக்க மூச்சு விட்டது.

அதன் பிறகு அவர்கள் பலவிதமாகச் செய்து பார்த்தார்கள், நேரம் தவறாமல், ஒவ்வொன்றுக்கும் நாலு மணி நேரத்துக்குமேல் காத்திருக்காமல். அவள் கலந்து வேறொரு மேஸ்திரி போட்டார். சுவர் வரத் தொடங்கியது. வேறொருத்தி கலந்து தவசி போட்டான். சுவர் வரத் தொடங்கியது. அவள் கையால் கலந்து அவன் கையால் போட்டால்தான் நின்றது. ஒரு நாள் விட்டால் இரண்டடி, மறுநாளும் விட்டால் நாலு, அதற்கு மறுநாள் எட்டு என்று இன்னாசி துணி வெட்டும் மேஜையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினான். எல்லோரும் சாக்பீஸைப் பார்த்தார்கள், பிறகு போதும்பொண்ணைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவளை யாரும் பாத்திரம் கழுவ விடவில்லை. காலையில் ஒரு வீட்டிலிருந்து இட்லி, மத்தியானம் ஒரு வீட்டிலிருந்து குழம்பு, சாயங்காலம் ஒரு வீட்டிலிருந்து சுண்டல். பொடி தின்று வெடித்த அவள் விரல்களுக்கு இன்னாசியின் மனைவி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். கடைக்குப் போனால் துணைக்கு ஒருத்தி வந்தாள். கக்கூஸ் வரிசையில் நின்றால் பின்னால் ஒருத்தி நின்றாள். சாமான்கள் இருக்கிற இடம், பத்திரம் வேண்டும் என்று காம்பவுண்டுக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டு சாவியை இன்னாசி வைத்துக்கொண்டான். அவளுடைய துணிப்பை மழையில் நனைகிறது என்று யாரோ எடுத்து உள்ளே, கறுப்புக் கட்டத்துக்கும் அப்பால், தையல்காரர் வீட்டுப் பரணில் வைத்தார்கள். எல்லாம் அன்பாகத்தான் நடந்தது. அதனால் அவளுக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

சர்மிளாவின் வளைகாப்பு வந்தது. போய்வர இரண்டு நாள் ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பதினோரு குடும்பமும் சேர்ந்து நடைபாதையில் உட்கார்ந்து ஐந்து வகைச் சாதம் கிளறி, போனை ஒரு டைல்ஸ் மேல் சாய்த்து நிறுத்தி, படத்தில் தெரிந்த பெண்ணுக்கு மஞ்சள் காட்டிப் பாட்டுப் பாடினார்கள். மகள் அங்கே சிரித்தாள். "அம்மா, நீ பிரசவத்துக்கு வந்துருவேல்ல?" என்று கேட்டபோது பாட்டு நின்றது.

"வராம என்ன" என்றாள் போதும்பொண்ணு.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் புருஷனிடம் கேட்டாள், "நீ என்ன நினைக்கிறே?"

தவசி கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். போன ஊரில் எல்லாம் வேலை முடிந்ததும் கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசி அனுப்பப்பட்ட ஆள் அவன். இங்கேதான் அவன் தவழ்ந்து திரும்பினால் நாற்பது பேர் கால் ஒதுக்கி வழி விட்டார்கள். "இன்னும் நாள் கிடக்குல்ல" என்றான்.

நாள் கிடக்கவில்லை. சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பே, ஒரு காலை எட்டரை மணிக்கு, சர்மிளாவின் பெரியம்மா போனில் கூப்பிட்டாள். "பனிக்குடம் உடைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். அம்மா அம்மான்னு அரற்றுறா. நீ இப்பவே கிளம்பு."

அப்போது ஐந்தாம் நம்பர் உள்ளே நூற்று முப்பத்தெட்டு அடி நீளம் இருந்தது. போதும்பொண்ணு பலகையின் மேல் நடந்து வெளியே வந்தாள், பையைக்கூடத் தேடவில்லை, உடுத்திய சேலையோடு கேட்டை நோக்கிப் போனாள். கேட்டு பூட்டியிருந்தது. செய்தி அவளுக்கு முன்னால் நடந்து போயிருந்தது. கம்பெனிச் சங்கு ஊதியும் யாரும் வேலைக்குப் போகவில்லை. நாற்பது பேரும் முற்றத்தில் நின்றார்கள். இன்னாசி அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

"உக்காருங்கக்கா."

"சாவியைக் குடு தம்பி."

"போக வேண்டாம்னு சொல்லலைக்கா. ஒரு வாரம் டயம் குடுங்க. வேற இடம் பாத்துக்கறோம்."

"புள்ளை ஒரு வாரம் காத்திருக்குமா?"

"ஆறு நாளைக்கு உண்டான பசையை இப்பவே கலக்கி வெச்சுட்டுப் போங்களேன்" என்றார் தையல்காரர்.

"என்ன, தோசை மாவா? ரெண்டு மணி நேரத்துல கல்லாயிரும்."

"கார் வெச்சுப் பொண்ணை இங்கயே கூட்டியாந்திரலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். சொன்னவரே தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னாசியின் கை சட்டைப் பைக்குள் இருந்தது, சாவியைப் பிடித்தபடி. அவன் கெட்டவன் இல்லை. "என் புள்ளைக தகரத்துக்கு அடியில வெந்துச்சுகக்கா" என்றான். "சின்னவன் ரெண்டு தடவை மயங்கி விழுந்தான். இந்த ரெண்டு மாசமாத்தான் உருண்டு படுத்துத் தூங்கறான். ஆறு நாள்ல எல்லாம் போயிரும். எங்க போவேன், சொல்லுங்க."

"மேஸ்திரி, நீங்க சொல்லுங்க" என்று யாரோ தவசியை முன்னால் தள்ளினார்கள்.

தவசி கையில் நூலோடு வந்து நின்றான். அவளைப் பார்க்காமல், அவள் காலுக்குப் பக்கத்தில் இருந்த தரையைப் பார்த்து, "இன்னைக்கு வரிசையை மட்டும் போட்டுட்டு..." என்று தொடங்கினான்.

"சர்மிளா ஒனக்கும் மகதான்" என்றாள் போதும்பொண்ணு.

அவன் நூலை விரலில் சுற்றிக்கொண்டான். போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை, எடுத்தால் அழுதுவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அது அடித்து அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. ஒன்பது மணி ஆயிற்று. முற்றத்தில் வெயில் ஏறியது. யாரும் அவளைத் தொடவில்லை, யாரும் விலகவும் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஐந்தாம் நம்பருக்கு உள்ளே, ரொம்பத் தூரத்தில், டைல்ஸில் இரும்பு இழுபடும் சத்தம். கொஞ்சம் இழுபடும், நிற்கும், மறுபடி இழுபடும். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே கோடு வந்த இடத்தில் 'டக்' என்று ஒரு சின்னக் குதி. டக், இழுப்பு, டக், இழுப்பு. நாற்பது பேரும் வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள். சத்தம் பூப்போட்ட வரிசையைத் தாண்டியது, மீன் வரிசையைத் தாண்டியது, கறுப்புக் கட்டத்தைத் தாண்டியது. கால் மணி நேரம் கழித்து வாசலில் வேலுத்தாயின் முதுகு தெரிந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சின்னமாயனைக் கட்டிலோடு, கட்டிலில் கட்டிய பாத்திர மூட்டையோடு, நூற்று முப்பத்தெட்டு அடியும் தனியாளாக இழுத்து வந்திருந்தாள். நேற்றுப் போட்ட வரிசைக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினாள்.

"ரெண்டு பேர் பிடிங்க. ஈர டைல்ஸ், கட்டில் ஏறக் கூடாது."

யாரும் அசையவில்லை. பிறகு தவசி நூலைக் கீழே போட்டுவிட்டுப் போய்க் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினான். இரண்டு பேருமாகப் பலகைக்கு மேலாகச் சின்னமாயனைத் தூக்கி வந்து வெயிலில் வைத்தார்கள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு மதினி இப்பவே வெளிய வர்றீங்க?" என்றான் இன்னாசி. "இன்னும் முடிவாகலையே."

வேலுத்தாய் முகத்தைத் துடைத்தாள். "அன்னைக்குச் சுவர் வந்தப்ப இவரு நாலு மணி நேரம் கத்துனாரு. இத்தனை பேருக்கு ஒருத்தருக்கும் கேக்கலை. அங்க ஒருத்தி இப்பக் கத்திக்கிட்டு இருப்பா. பெத்தவளுக்குக் கேக்குது. கதவைத் தொறந்து விடுப்பா."

இன்னாசி கட்டிலைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான். பையிலிருந்து கையை எடுத்தபோது சாவியின் பல் அவன் உள்ளங்கையில் பதிந்திருந்தது. கேட்டு திறந்தது. கேட்டுக்கு வெளியே குடியிருக்கும் தெய்வாத்தாள் எப்போது போனாளோ, சந்து முனையிலிருந்து ஆட்டோவில் உட்கார்ந்து வந்தாள். "ஏறு அம்மிணி, பஸ் ஸ்டாண்டுக்குச் சொல்லியிருக்குது" என்றாள்.

போதும்பொண்ணு பரமக்குடி ஆஸ்பத்திரியில் கால் வைத்தபோது மணி நாலரை. ஆறு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

திருப்பூரில் அன்றைக்கு வரிசை விழவில்லை. சுவர் இரண்டடி வந்தது, காலியாய்க் கிடந்த இடத்தின்மேல், யாருக்கும் வலிக்காமல். மறுநாள் நாலடி. சனங்கள் பின்பக்கத்திலிருந்து அவிழ்க்கத் தொடங்கினார்கள். சேலைத் தடுப்புகள் இறங்கின, விசிறிகள் கழன்றன, ட்யூப்லைட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சிலர் அழுதுகொண்டே கட்டினார்கள், சிலர் யாரைத் திட்டுவதென்று தெரியாமல் அடுப்பைத் திட்டினார்கள். தவசி ஒவ்வொரு நாள் காலையிலும் கடைசிவரை தனியாக நடந்து போய், ஆள் யாரும் இல்லை, தொட்டிலில் குழந்தை யாரும் இல்லை, மூட்டைக்குள் பூனை எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு வந்து, வாசலில் நின்று "வரலாம்" என்று உரக்கச் சொன்னான். அவனுக்கே தெரியாது, யாரிடம் சொன்னான் என்று.

ஆறாம் நாள், அறுபத்து நாலு அடி வரவேண்டிய நாள், அவன் உள்ளே போனபோது இன்னாசி பின்சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"எந்திரி மாஸ்டர். இன்னைக்கு வேகமா வரும்."

"வரட்டும். எனக்கு எந்திரிக்கப் பிடிக்கலை."

"புள்ளைக வெளிய நிக்குது."

"நிக்கட்டும். உள்ளயும் இடமில்லை, வெளியயும் இடமில்லை, நான் எந்தப் பக்கம் போறது?"

கேட்டு முன்னால் தான் நின்ற நிலையை ஆறு நாளாகத் தவசி மென்றுகொண்டிருந்தான். அவனும் போய்ப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "அப்ப நானும் இருக்கேன்" என்றான்.

பத்து மணிக்குச் சுவர் கிளம்பியது. இரண்டு பேர் முதுகையும் ஒன்றாகத் தள்ளியது. முதலில் மெதுவாக, பிறகு வண்டி மாதிரி. இரண்டு ஆண்பிள்ளைகளும் உட்கார்ந்த வாக்கிலேயே டைல்ஸ்மேல் வழுக்கிக்கொண்டு போனார்கள், கோட்டுக்குக் கோடு குதித்து. வாசலில் இன்னாசியின் மனைவி அலறினாள். முப்பதடி தாண்டியது, நாற்பதடி தாண்டியது. தவசியின் லுங்கி கிழிந்தது. இன்னாசி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐம்பதாவது அடியில் தவசி, "மாஸ்டர், எனக்கு முட்டி போயிருச்சு, நானா எந்திரிக்க முடியாது, நீ தூக்கினாத்தான் உண்டு" என்றான். அது உண்மையும்தான். இன்னாசி அவனைத் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடி. பிறகு எழுந்து, தவசியைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே வந்து விழுந்தபோது, பின்சுவர் பன்னிரண்டாவது அடியில், அது எப்போதும் நின்ற இடத்தில், வந்து நின்றது.

ஐந்து வரிசை டைல்ஸும் ஒரு வரிசை வெறும் தரையும் இருந்தன. தவசி தானே பசை கலந்து, தவழ்ந்து, கடைசி வரிசையைப் போட்டான். குமிழி நடுவில் நின்றது. வாசல் அசையவில்லை.

அன்று மத்தியானம் பரமக்குடியில் போதும்பொண்ணுவின் போன் அடித்தது. ஆறு நாளாக அது அடிக்கும்போதெல்லாம் அவள் எழுந்து நின்றுகொண்டுதான் எடுத்தாள்.

"அக்கா, நான் இன்னாசி."

"யாரு உள்ள மாட்டிக்கிட்டது?"

"யாரும் இல்லைக்கா. எல்லாரும் வெளிய வந்தாச்சு. மேஸ்திரி முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருக்காரு, நாளைக்குக் காலையில பஸ் ஏத்தி விடறோம்."

அவள் உட்கார்ந்தாள். யார் யார் எங்கே என்று கேட்டாள். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஐந்தாம் நம்பரை வேலுத்தாய்க்கே விடுவதென்று தெய்வாத்தாள் சொல்லிவிட்டாள். நாலாம் நம்பரில் மறுபடி ஒன்பது பேர். தையல்காரர் குடும்பம் இரண்டாம் நம்பரில் பாதி. தானும் பிள்ளைகளும் தெய்வாத்தாள் வீட்டு மொட்டை மாடியில், தார்ப்பாய் கட்டி. காற்று வருகிறது, மழை வந்தால் பார்க்க வேண்டும். ஐந்து குடும்பம் பெருமாநல்லூர்ப் பக்கம் போனார்கள். "ரெண்டு குடும்பம் எங்க போச்சுன்னு தெரியலைக்கா. சொல்லாமப் போயிட்டாங்க." பிறகு, "அன்னைக்குச் சாவி..." என்று ஆரம்பித்தான்.

"சாப்பிட்டியா தம்பி?"

"இன்னும் இல்லைக்கா."

"முதல்ல போய்ச் சாப்பிடு."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. "இருங்க இருங்க, வெச்சுராதீங்க" என்று இன்னாசி அங்கே ஸ்பீக்கரில் போட்டான். போதும்பொண்ணு போனைக் குழந்தையின் வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். அந்தப் பக்கம் முற்றத்தில் பாத்திரச் சத்தம், பேச்சுச் சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கின. மீந்திருந்தவர்கள் எல்லோரும் நின்று கேட்டார்கள்.

"தொண்டை பெருசு மதினி" என்றது வேலுத்தாயின் குரல். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், போதும்பொண்ணும் சிரித்தாள், சிரித்து முடித்தபோது அவள் சேலைத் தலைப்பு நனைந்திருந்தது.

அதன் பிறகும் அந்த நம்பரிலிருந்து அடிக்கடி போன் வந்தது. காய்ச்சல் என்று சொன்னார்கள், கல்யாணம் என்று சொன்னார்கள், மாடியில் தார்ப்பாய் பறந்துவிட்டது என்று சொன்னார்கள். வா என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.